மழைச்சட்டையும் மலைப்பனியும்

கேள்வி: இயற்கையை நாடி மலையேறுவோர் அணியும் மழைச்சட்டையைச் சூழலியல் அமைப்புகளே எதிர்த்தது ஏன்? அதனால் பயன் விளைந்ததா?

பதில்: எதிர்ப்பு சட்டைக்கு அன்று, துணியில் நீர் ஒட்டாதிருக்க அதன் மேல் ஏற்றப்படும் ஃபுளோரின் சேர்மங்களுக்கே எழுந்தது. சுருக்கமாகப் பீஃபாஸ் எனப்படும் இப்பெருங்குடும்பத்தில் கார்பனும் ஃபுளோரினும் இணைந்திருக்கும் பிணைப்பு கரிம வேதியியலின் மிக வலிய பிணைப்புகளுள் ஒன்று. அதை வெயிலோ நுண்ணுயிரோ எளிதில் அறுக்க இயலாமையால், சட்டை கிழிந்து குப்பைக்குப் போன பின்பும் பூச்சிலிருந்து பிரிந்தவை நீரிலும் மண்ணிலும் தங்கிவிடுகின்றன. இவற்றுள் ஒன்றான பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் வகைப்படுத்தியது.

ஆடைத் தொழிலின் நச்சுகளுக்கு எதிராக 2011-இல் 'டீடாக்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியிருந்த கிரீன்பீஸ் என்னும் சூழலியல் அமைப்பு, 2015-இல் எட்டுக் குழுக்களை மூன்று கண்டங்களின் ஒதுக்குப்புற மலைகளுக்கு அனுப்பிப் பனியையும் ஏரிநீரையும் எடுத்துவரச் செய்து, அவற்றில் இச்சேர்மங்களின் தடம் இருப்பதைக் காட்டியது. தூய மலைமுகட்டை விளம்பரப் படமாக்கி விற்ற நிறுவனங்களுக்கு இதைவிடச் சங்கடமான சான்று வேறு இருந்திருக்க முடியாது. எனினும் இவற்றுள் ஆவியாகும் வகைகள் காற்றில் நெடுந்தொலைவு செல்லக்கூடியவை என்பதால், பனியில் கிடைத்தது எந்த ஆலையிலிருந்து, எந்தச் சட்டையிலிருந்து வந்தது என்று பனியே சொல்லிவிடாது. 2016 ஜனவரியில் வெளியான அடுத்த ஆய்வு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது: சோதித்த 40 மலையேற்றப் பொருள்களில் நான்கில் மட்டுமே இச்சேர்மங்கள் தென்படவில்லை.

தொழில்துறை முன்வைத்த மாற்று, எட்டுக் கார்பன் தொடருக்குப் பதிலாக ஆறு கார்பன் தொடர் என்பதாகும். அது உடலில் தங்கும் காலம் பொதுவாகக் குறைவு, சூழலில் சிதையாத தன்மையோ ஏறக்குறைய அதேதான். ஆகவே ஒவ்வொரு மூலக்கூறாக விலக்காமல் குடும்பத்தையே விலக்கவேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது. நீரை விலக்க மெழுகும் சிலிகோனும் போதும். எண்ணெயையும் சேர்த்து விலக்குவதற்குத்தான் ஃபுளோரின் தேவைப்படுகிறது. தீயணைப்பு வீரருக்கு அது வேண்டியிருக்கலாம். மழையில் நடப்பவருக்கு அது கேளாமல் கொடுக்கப்பட்ட உபரியே.

பயன் விளைந்ததா என்றால், மெதுவாக விளைந்தது. 2016 தொடக்கத்தில் பாராமோ என்னும் பிரித்தானிய நிறுவனமும், 2017-இல் கோர்-டெக்ஸ் துணியைத் தயாரிக்கும் கோர் நிறுவனமும் தீங்கான ஃபுளோரின் சேர்மங்களைக் கைவிடுவதாக உறுதிமொழி அளித்தன. பின்னர் சட்டங்களும் வந்தன. கலிஃபோர்னியா 2025 முதல் துணிகளில் இச்சேர்மங்களைத் தடைசெய்தாலும், கடும் மழைக்கான வெளிப்புற ஆடைகளுக்கு 2028 வரை விலக்கு அளித்துள்ளது. பிரான்சின் ஆடைத் தடை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஃபுளோரின் இல்லாத புதுவகைச் சட்டை வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். எண்ணெயை விலக்கும் திறன் அதற்கு இல்லாமையால் கழுத்துப்பட்டியிலும் மணிக்கட்டிலும் உடலின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அவ்விடங்களில் நீர் ஊறத் தொடங்கும். பழைய சட்டையைவிட இதை அடிக்கடி துவைக்கவும், நீர்விலக்கிப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்கவும் நேரிடும்.