ஒரே திறப்பில் இரண்டு பூட்டு
மோட்டார் சைக்கிள் பெட்டிப் பூட்டை மாற்றியமைப்போம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிளின் பெட்டி பொதி சுமக்கும் இடம் மட்டுமன்று. சில வீடுகளில் அதுவே அலுமாரி. விதை வாங்க வைத்த பணம், அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, பிள்ளையின் மருந்து என்று கையோடு கொண்டுபோக வேண்டியவை எல்லாம் அதற்குள் இருக்கும். இப்பெட்டி பெரும்பாலும் பின்னர் வாங்கிப் பொருத்தப்பட்டதாகையால் அதற்குத் தனித் திறப்பு உண்டு. என்ஜினை இயக்கும் திறப்பு வேறு, பெட்டியின் திறப்பு வேறு. இடம் மாறும் அவசரத்தில் முதலில் தொலைவது இத்தகைய சிறு பொருள்களே.

என்ஜினின் திறப்பாலேயே பெட்டியையும் திறக்க முடியுமா? பல வேளைகளில் முடியும். புதுப் பூட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வேலையைச் செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பூட்டின் காவலைக் காப்பாற்றும். மற்றையது காவலைக் கெடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவ்வேறுபாட்டை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது?

மோட்டார் சைக்கிள் பெட்டி, மேசை லாச்சி, அலுமாரி ஆகியவற்றில் பெரும்பாலும் காணப்படுவது தகட்டுப் பூட்டு. அமெரிக்காவில் இவ்வகைப் பூட்டுக்கு 1868ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெறப்பட்டது. இதன் உறுப்புகள் சிலவே.

கூடு: பெட்டியோடு பொருந்தி அசையாமல் நிற்கும் வெளிப்பகுதி.
உருளை: கூட்டினுள் சுழலும் பகுதி. திறப்பு இதற்குள்தான் நுழையும்.
தகடுகள்: உருளையில் வரிசையாக நிற்கும் மெல்லிய பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை உண்டு.
சுருள்கள்: தகடுகளை ஒரு பக்கமாகத் தள்ளும் சிறு ஸ்பிரிங்குகள்.
நாக்கு: உருளையின் பின்னால் இருந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும் பகுதி.

திறப்பு இல்லாதபோது சுருள்கள் தகடுகளைத் தள்ளுகின்றன. தகடுகளின் முனைகள் உருளைக்கு வெளியே நீட்டி, கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் உருளை சுழலாது. சரியான திறப்பு நுழையும்போது அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் வேண்டிய அளவுக்கு நகர்த்துகின்றன. எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாக நின்றால் பூட்டு திறக்கும். ஒரு தகடு மட்டும் மேலோ கீழோ நீட்டி நின்றாலும் திறக்காது.

தகடுகளின் வெளியளவு ஒன்றே. துளை இருக்கும் உயரம் மட்டுமே வேறுபடும். பல பூட்டுகளில் இந்த உயரத்தைக் குறிக்கத் தகட்டிலேயே ஒரு சிறு எண் பொறித்திருப்பார்கள். ஆகவே பூட்டை மாற்றியமைப்பது என்றால், தகடுகளைப் புதிய திறப்பின் வெட்டுகளுக்கு ஏற்ற வரிசையில் வைப்பது என்பதே பொருள்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

என்ஜினின் திறப்பு பெட்டிப் பூட்டினுள் முழுமையாக நுழைய வேண்டும். திறப்பின் பக்கங்களில் உள்ள நீண்ட பள்ளங்கள் பொருந்தாவிட்டால் அது நுழையாது. அப்படியானால் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். திறப்பை அராவிச் சிறிதாக்கவும் கூடாது. பிறகு அது என்ஜினுக்கும் உதவாமற் போகலாம்.

பெட்டியின் பழைய திறப்பு ஒன்றாவது கையில் இருந்தால் வேலை எளிது. ஒன்றும் இல்லாமல் பெட்டி பூட்டியே இருந்தால் பூட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோவதே நல்லது. ஆணியால் அடித்து மூட்டப்பட்ட பூட்டுகளையும் கழற்ற முனைய வேண்டாம்.

சிறு திருப்புளி, மெல்லிய கம்பி, சாவணம், மெல்லிய அரம், வெள்ளைத் துணி, தாளும் பென்சிலும் போதும். தகடுகளும் சுருள்களும் மிகச் சிறியவை. மண் நிலத்தில் விழுந்தால் மீண்டும் கிடைப்பது அரிது. ஆகவே துணியை ஒரு தட்டில் விரித்து, அதன் மேல் வைத்தே வேலை செய்வோம்.

செய்யும் முறை

1. பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்துக்கொள்க. வேலை முடிந்து சோதித்துப் பார்க்கும்வரை மூடக் கூடாது.

2. பெட்டியின் உட்புறத்தில் நாக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று படம் வரைந்துகொள்க. பின்னர் நாக்கையும் பூட்டையும் கழற்றுக.

3. பழைய திறப்பைச் செருகி உருளையை வெளியே எடுக்க வேண்டும். சில பூட்டுகளில் பின்னால் உள்ள திருகாணியையோ வளையத்தையோ கழற்றினால் உருளை வரும். வேறு சிலவற்றில் கூட்டிலுள்ள சிறு துளை வழியாகக் கம்பியால் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும்.

4. வாய்ப்பக்கத்திலிருந்து தகடுகளை 1, 2, 3 என்று எண்ணி, ஒவ்வொன்றின் எண்ணையும் அது நிற்கும் பக்கத்தையும் எழுதிக்கொள்க. இருபக்கமும் வெட்டுள்ள திறப்பாயின், சில தகடுகள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் தள்ளப்பட்டிருக்கும்.

5. பழைய திறப்பை எடுத்துவிட்டு என்ஜினின் திறப்பைச் செருகுக. அவ்வேளை தகடுகள் துள்ளி விழாதபடி விரலால் மூடிக்கொள்க. சமமாக நிற்கும் தகடுகளைத் தொட வேண்டாம். நீட்டி நிற்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றிப் பார்க்க.

ஓர் உதாரணம். பழைய வரிசை 2, 4, 1, 3, 2 என்று வைத்துக்கொள்வோம். என்ஜினின் திறப்புக்கு வேண்டிய வரிசை 2, 1, 4, 3, 3. முதலாவதும் நான்காவதும் அப்படியே பொருந்தும். இரண்டாவதையும் மூன்றாவதையும் தம்முள் மாற்றினால் அவையும் பொருந்தும். ஐந்தாவது இடத்துக்கு மட்டும் 3ஆம் இலக்கத் தகடு ஒன்று தேவை. அதே வகையான பழுதடைந்த பூட்டு கிடைத்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அராவினால் என்ன நடக்கும்?

பலர் இடம் மாற்றிப் பார்க்கும் பொறுமையின்றி, நீட்டி நிற்கும் முனைகளை எல்லாம் அரத்தால் அராவிச் சமப்படுத்திவிடுவர். பூட்டு உடனே திறக்கும். ஆனால் பழைய திறப்பும் அப்பூட்டைத் தொடர்ந்து திறக்கும். தகட்டின் ஒரு முனை குறைந்துவிட்டதால், பழைய திறப்பு அதனை முன்னிருந்த இடத்துக்கு நகர்த்தும்போதும் அது எங்கும் நீட்டுவதில்லை. தகட்டை எடுத்து எறிந்தாலும் இதே கதைதான்.

தொலைந்த பழைய திறப்பு யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு நம் பெட்டி இன்னமும் திறந்த பெட்டியே. அராவிய தகடு வேறு பல திறப்புகளுக்கும் இடங்கொடுக்கும்.

தகட்டை எடுத்து எறிவதால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு வகை உயரமும் ஐந்து தகடும் உள்ள பூட்டில் 1,024 வரிசைகள் இயலும். ஒரு தகட்டை எடுத்தால் 256. இரண்டை எடுத்தால் 64. மூன்றை எடுத்தால் வெறும் 16.

மேற்சொன்ன உதாரணத்தில் ஐந்தாவது தகடு கிடைக்காவிட்டால் அதை மட்டும் அராவலாம். இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறிவிட்டதால் பழைய திறப்பு அங்கே தடைப்படும். ஒரு தகட்டையாவது அராவாமல் மாற்றியிருக்க வேண்டும் என்பதே விதி.

சோதனை

6. என்ஜினின் திறப்பு உள்ளே இருக்க, உருளையைக் கூட்டினுள் செலுத்தி, எல்லாவற்றையும் முன்போல் பொருத்துக. மூடி திறந்திருக்கும்போதே பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்க்க.

7. பின்னர் பழைய திறப்பைச் செருகித் திருப்புக. திரும்பக் கூடாது. திரும்பினால் வேலை இன்னும் முடியவில்லை.

கறள் தடுக்கத் தடித்த கிறீசோ தேங்காய் எண்ணெயோ இட வேண்டாம். அவை புழுதியைப் பிடித்துத் தகடுகளை இறுக்கிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சிறிது திறப்பில் தடவிச் செருகி எடுத்தால் போதும்.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள்

ஒரே திறப்பு என்பது வசதி. அது தொலைந்தால் இரண்டு பூட்டும் போய்விடும் என்பது அதன் மறுபக்கம். ஆகவே வேலை முடிந்த அன்றே மறு திறப்பு ஒன்று வெட்டுவித்துக் குடும்பத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவைப்போம். தேய்ந்த பிரதியைப் பார்த்து வெட்டாமல், மூலத் திறப்பைப் பார்த்தே வெட்டுவிக்க வேண்டும். திறப்பில் எண் பொறித்திருந்தால் அதை எழுதி வேறிடத்தில் வைப்போம். திறப்பு வளையத்தில் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையோ நம் விலாசத்தையோ எழுதித் தொங்கவிடக் கூடாது.

தகட்டுப் பூட்டு கை நீட்டுபவரைத் தடுக்கும். திருப்புளியோடு வருபவரைத் தடுக்காது. காணி உறுதியின் மூலப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பயணத்துக்கு மட்டுமே பெட்டியில் வைப்போம். போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடுவோம்.

கலந்துரையாடுவோம்

உங்கள் வீட்டில் எத்தனை பூட்டுகள், எத்தனை திறப்புகள் உள்ளன? அவற்றில் எத்தனை திறப்புகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா? பழுதடைந்த பூட்டொன்றை எடுத்து, குழுவாக இருந்து கழற்றி, தகடுகளின் வரிசையை எழுதிப் பாருங்கள். முதல் முயற்சியைப் பெட்டிப் பூட்டில் செய்யாமல் பழுதான பூட்டில் செய்வதே நல்லது.