திருத்தியும் திரும்பப் பழுதாகும் வாகனம்: காரணத்தைத் தேடும் பாடம்

வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் சங்கத்துக்குச் சொந்தமான பழைய நான்கு சக்கர உழவு இயந்திரம் ஒன்று இருந்தது. காலபோக உழவு தொடங்கிய வாரத்தில் அது சூடேறி நடுவயலில் நின்றுவிட்டது. கராச்சில் பார்த்தவர், "ஹெட் காஸ்கற் எரிந்துபோயிற்று" என்றார். சங்கத்தின் சேமிப்பில் பெரும்பகுதி செலவாகிப் புதிய காஸ்கற் போடப்பட்டது. மூன்றாவது வாரம் இயந்திரம் அதே விதமாகச் சூடேறி நின்றது. மீண்டும் ஹெட் கழற்றப்பட்டது. மீண்டும் புதிய காஸ்கற். இம்முறை கடன் பணத்தில். அதன்பின் ஓடியது பத்தே நாட்கள்.

அடுத்து நடந்த கூட்டத்துக்கு எம்மையும் அழைத்திருந்தனர். சிலர் கராச்காரர் ஏமாற்றிவிட்டார் என்றனர். பலர் சாரதியின் கவனயீனமே காரணம் என்றனர். இளைஞரான அந்தச் சாரதி தலைகுனிந்து ஒரு மூலையில் நின்றார். அவரை வேலையிலிருந்து நிறுத்தும் தீர்மானம் எழுதப்படவிருந்த வேளையில், அயலூரிலிருந்து வந்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, காலமையில எவ்வளவு தண்ணி விடுறனீர்?"

"முதல் பழுதுக்கு முந்தியே ஒவ்வொரு நாளும் ஒரு போத்தலுக்கு மேல விடவேண்டி இருந்தது, ஐயா. நான் அப்பவே சொன்னனான்."

"எந்தத் தண்ணி?"

"வயல் கிணத்துத் தண்ணிதான்."

பெரியவர் சபையைப் பார்த்து, "உங்கள் வீட்டுக் கேத்தலின்ர அடியைப் பாத்திருக்கிறியளோ?" என்றார். சபை மௌனமாயிற்று. எமது பகுதிச் சமையலறைகளில் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை அறியாதவர் யார்?

உடைந்த பாகம் வேறு, உடைத்த காரணம் வேறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். எனவே கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. நீர் சூடேறும்போது அது படிகிறது. றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களில் ஆண்டுக்கணக்காக இப்படிப் படிந்தால் நீரோட்டம் குறைகிறது. படிவு வெப்பத்தையும் வெளியே விடாது. அத்துடன் சூடடிப்பின்போது பறக்கும் பதரும் தூசியும் றேடியேற்றரின் வெளித் தகடுகளை அடைத்துக் காற்றையும் தடுக்கின்றன. இயந்திரத்தின் சூடு போக வழியில்லை. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் இருந்து நெருப்பையும் நீரையும் ஒயிலையும் பிரித்துவைக்கும் காஸ்கற் இறுதியில் எரிந்துபோகிறது.

காஸ்கற் எரிந்தது உண்மை. ஆனால் அது நோயின் அறிகுறி; நோய் றேடியேற்றரில் இருந்தது. அங்கே இரண்டு முறை காஸ்கற் மாற்றப்பட்டது; ஒரு முறையேனும் றேடியேற்றர் திறக்கப்படவில்லை. அளவுமீறிச் சூடேறிய ஹெட் சிறிது வளைந்துவிடக்கூடும். நேர்கோலும் இடைவெளி அளக்கும் தகடும் வைத்து அதன் சமதளத்தைப் பார்க்காமல், வளைந்த ஹெட்டின்கீழ் எத்தனை புதிய காஸ்கற் வைத்தாலும் நிலைக்காது.

கராச்காரர் ஏமாற்றினாரா? நாம் அப்படிக் கருதவில்லை. "உழவு நேரம், நாளைக்கே ஓடவேண்டும்" என்றுதான் சங்கத்தார் அவரை நெருக்கினர். கேட்டதை அவர் செய்து கொடுத்தார். 'ஏன் எரிந்தது?' என்று இரு தரப்பாரும் கேட்கவில்லை. காரணத்தை ஓரளவு அறிந்திருந்த ஒரே ஆள் சாரதி. அவரை எவரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னபோதும் செவிகொடுக்கவில்லை.

இரண்டாம் முறை பணம் கொடுக்குமுன்

திருத்திய வாகனம் திரும்பப் பழுதானால் பின்வருவனவற்றைச் செய்வோம்.

1. வாகனத்தை உடனே நிறுத்துவோம். சூடேறிய இயந்திரத்தை 'வீடுவரை ஓட்டிவிடலாம்' என்று ஓட்டுவதே சிறிய செலவைப் பெரிய செலவாக்குகிறது. சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் சீறி முகத்தைச் சுடும். உடனே குளிர்ந்த நீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

2. ஓட்டுபவரிடம் முதலில் கேட்போம். பழுதுக்கு முந்திய நாட்களில் என்ன மாற்றம் கண்டார்? வெளியே கசிவில்லாமல் நீர் குறைந்ததா? வெண்புகை வந்ததா? ஒயில் பால் கலந்ததுபோல் மாறியதா? றேடியேற்றரில் குமிழிகள் எழுந்தனவா? இவை யாவும் காஸ்கற் பழுதின் அடையாளங்கள்.

3. திருத்துநரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: எந்தப் பாகம் பழுது? அது ஏன் பழுதானது? அந்தக் காரணத்தை நீக்க என்ன செய்யப் போகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பாகம் வாங்கவேண்டாம். மூடி, பான் பெல்ற், தெர்மோஸ்டாற், நீர்ப்பம்பு போன்ற விலை குறைந்தவற்றை முதலில் பார்க்கச் சொல்வோம். பெரிய வேலையானால் இன்னொருவரிடமும் அபிப்பிராயம் கேட்போம்.

4. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவோம். எரிந்த காஸ்கற் எந்த இடத்தில் எரிந்தது என்பதே அடுத்த திருத்துநருக்கு ஒரு தடயம்.

5. எழுத்தில் பெறுவோம். செய்த வேலை, போட்ட பாகம், தொகை, திகதி, எத்தனை நாள் உத்தரவாதம் என்பன பற்றுச்சீட்டில் இருக்கட்டும். வாகனத்துக்கென ஒரு கொப்பி வைத்து, ஓடிய மணித்தியாலம், விட்ட நீர், மாற்றிய ஒயில், செய்த திருத்தம் எல்லாவற்றையும் குறிப்போம். நாளாந்தம் ஒரு போத்தல் நீர் குறைந்தது கொப்பியில் இருந்திருந்தால், அச்சங்கம் முதல் காஸ்கற்றையே காப்பாற்றியிருக்கலாம்.

6. பேசித் தீர்ப்போம். பற்றுச்சீட்டுடனும் பழைய பாகத்துடனும் அதே கராச்சுக்குப் போய் அமைதியாகக் கேட்டால், நல்ல தொழிலாளர் பலர் கூலியையாவது விட்டுக்கொடுப்பர். முடியாவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. கொடுத்த உத்தரவாதம் மீறப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவையைப் பெற்ற 3 மாதங்களுக்குள் முறையிடவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

எப்போது கைவிடுவது?

"இவ்வளவு போட்டுவிட்டோம், இனி எப்படி விடுவது?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. போன பணம் திருத்தினாலும் வராது, விற்றாலும் வராது. ஆகவே அது கணக்கில் சேராது. கணக்கு இன்றிலிருந்தே தொடங்கவேண்டும்.

உதாரணமாக, ஓர் இயந்திரம் இன்றுள்ள நிலையில் 4 இலட்சம் ரூபாவுக்கு விலைபோகும் என்று வைப்போம். காரணத்தையும் சேர்த்து முழுமையாகத் திருத்த 3 இலட்சம் வேண்டும். திருத்திய பின் அதன் பெறுமதி 9 இலட்சம். அப்படியானால் திருத்துவது நியாயம். பெறுமதி 6 இலட்சமாகவே இருக்குமானால், விற்பதற்காகத் திருத்துவது நட்டம். அப்போது, வாடகை இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தையும் இது இன்னும் எத்தனை போகம் உழைக்கும் என்பதையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். முன்னர் செலவானது 2 இலட்சமோ 5 இலட்சமோ, விடை மாறாது.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பலருக்குப் பழையதைத் திருத்துவதைவிட வேறு வழி இருக்கவில்லை. வழியில்லாத காலத்தில் வந்த பழக்கத்தை, கணக்குப் பார்க்காமலே தொடரக்கூடாது.

முடிவில்

அந்த இயந்திரத்தின் றேடியேற்றர் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது. ஹெட் லேத் பட்டறையில் சமப்படுத்தப்பட்டது. கிணற்று நீருக்குப் பதிலாக, சேமித்த சுத்தமான மழைநீருடன் கூலண்ட் கலந்து விடுகிறார்கள். அடுத்த காலபோகத்தை அது நிற்காமல் உழுது முடித்தது. ஆனால் பிந்தி விதைத்த வயல்களின் அந்த வருட விளைச்சல் திரும்பி வரவில்லை. தலைவர் சபை முன்னிலையில் சாரதியிடம் மன்னிப்புக் கேட்டார். கொப்பி இப்போது சாரதியின் பொறுப்பில் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் அவரே அதை வாசிக்கிறார்.

பழுது ஏற்படும்போது 'யார் குற்றம்?' என்ற கேள்வி முதலில் வாயில் வருகிறது. 'என்ன காரணம்?' என்பதை முதலில் கேட்கப் பழகிய சங்கம் பணத்தையும் காப்பாற்றும், மனிதரையும் காப்பாற்றும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது சங்கத்தின் வாகனத்துக்கோ நீர்ப்பம்புக்கோ ஒரே பழுது இரண்டு முறை வந்ததுண்டா? அதன் காரணம் கண்டறியப்பட்டதா?

2. எமது இயந்திரங்களை நாளாந்தம் கையாளுபவர் யார்? கடைசியாக அவரது கருத்தை எப்போது கேட்டோம்?

3. அடுத்த கூட்டத்துக்கு முன் கொப்பி ஒன்றைத் தொடங்க யார் பொறுப்பேற்பார்?