யார் செய்த பாவம்?



பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவரோ இருவர் மீதும் பழி சுமத்த மறுத்துவிட்டார் (யோவான் 9).

அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. மாங்கேணியைப் போன்ற கரையோரக் கிராமமொன்றில், கணவனின்றிப் பிள்ளை வளர்க்கும் ஒரு கத்தோலிக்கத் தாயை நினைத்துப் பாருங்கள். யுத்தத்தையும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியையும் கண்ட இக்கரையில், தனித்து நிற்கும் தாய்மார் புதியவர்கள் அல்லர். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அயலவரில் சிலர் செய்வினை என்கிறார்கள். சிலர் வளர்ப்புச் சரியில்லை என்கிறார்கள். கத்தோலிக்கர் சிறுபான்மையாக வாழும் ஊரில் அவள் சொல்லியழ இருப்பது பங்குச் சமூகம் ஒன்றே. பூசை நேரத்தில் நாமும் திரும்பிப் பார்த்து முகஞ்சுளித்தால், அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள்.

இந்நிலைக்கு ஓட்டிசம் என்று பெயர். 1943 ஆம் ஆண்டில் வைத்தியர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. பின்னர், தாயின் அன்புக் குறைவே காரணம் என்று வைத்தியர்களிற் சிலரே சொன்னார்கள். எத்தனையோ தாய்மார் அப்பழியைச் சுமந்தார்கள். அது முழுத் தவறு. மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடே இது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்குண்டு. தடுப்பூசியால் இது வருவதில்லை.

கனர் விவரித்த முதற் பிள்ளை டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொறஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். மூன்று வயதில் விடுதியொன்றில் விடப்பட்ட அவரைப் பெற்றோர் மீட்டு வந்தார்கள். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். அவர் படித்தார், வங்கியில் வேலை செய்தார், தனியே பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023 இல் 89 வயதில் காலமானார். அவர் குடும்பத்துக்கு வசதியிருந்தது உண்மைதான். ஆனால் ஊராரின் அன்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

திருச்சபையின் மனமும் இதுவே. பாப்பரசர் பிரான்சிஸ் 2014 நவம்பரில் ஓட்டிசம் உள்ளவர்களையும் குடும்பத்தினரையும் வத்திக்கானில் சந்தித்தார். 2020 இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி, கடுமையான குறைபாடு உள்ளவர்களும் திருவருட்சாதன வாழ்வின் நிறைவுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று போதிக்கிறது. எனவே முதல் நன்மை வகுப்பில் அச்சிறுவனுக்கும் இடமுண்டு.

நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாத, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாமல் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி முந்தினால் பயன் அதிகம்.

2. மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் போய்வரும் நாளில் அந்தத் தாயின் நாட்கூலி போய்விடும். துணைக்குப் போங்கள், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கோயிலில் கதவருகே அவர்களுக்கு ஓரிடம் வையுங்கள். மணி அடிக்குமுன் தாய்க்குச் சைகை காட்டுங்கள். பிள்ளை எழுந்து ஓடினால் புன்னகை செய்யுங்கள்.

கானானியத் தாயொருத்தி மகளுக்காகத் தனியே நின்று கூவியபோது, அவளை அனுப்பிவிடும்படி கேட்டவர்கள் சீடர்கள்தாம் (மத்தேயு 15). ஆண்டவரோ இறுதியில் அவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்து, மகளைக் குணமாக்கினார். வருகிற ஞாயிறு கோயில் வாசலில் அப்படியொரு தாய் வந்து நிற்கும்போது, நாம் யார் பக்கம் நிற்போம்?