பல்லுறை வார்ப்பில் ஒரு கலைச்சொற் சிக்கல்

உலோகப் பல்லுறையையும் பல்பாலத்தையும் செய்யும் தொழில்நுட்பர், பல்லின் மாதிரியுருவின்மேல் முதலில் மெழுகில் வடிவமைக்கிறார். அதனைத் தீத்தாங்கும் கலவைக்குள் பொதிந்து, உலையில் மெழுகை எரித்து நீக்கி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் சுழல்விசையால் செலுத்துகிறார். 1907இல் டாகர்ட் நியூயார்க்கில் எடுத்துரைத்தபின் பல் மருத்துவத்தில் பரவிய இம்முறை, நெறியளவில் சுவாமிமலைத் தபதியரின் மெழுகுவார்ப்பை ஒத்தது.

இக்கலவையின் ஆங்கிலப் பெயர் 'இன்வெஸ்ட்மென்ட்'. இதனை 'முதலீடு' எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஆடை எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று பிறந்த சொல் இது. 'மேற்பூச்சு' என்பதும் போதாது. தபதியர் மண்ணை அடுக்கடுக்காகப் பூசுவர். இங்கோ, குழம்பாக ஊற்றப்படும் கலவை மெழுகுருவைச் சூழ்ந்து இறுகுகிறது. உலோகம் குளிர்கையில் அடையும் சுருக்கத்தை ஈடுசெய்வதும் கலவையின் விரிவே. அது பிழைப்பின் உறை பல்லில் அமராது. 'பொதிகலவை' என்னும் ஆக்கம் இச்செயலின் ஒரு பாதியையேனும் சுட்டும்.