சத்திரத்தில் விடப்பட்ட மனிதன்

நல்ல சமாரித்தன் உவமையை அறியாத கத்தோலிக்கக் குழந்தை இல்லை. ஞானோபதேச வகுப்பில் இதைச் சொல்லி, "நீ யாரைப் போல் நடப்பாய்?" என்று கேட்டால், "சமாரித்தனைப் போல்" என்று பிள்ளைகள் ஒரே குரலாய் மறுமொழி சொல்வார்கள். சரியான மறுமொழிதான். ஆனால் பூர்வீகத் திருச்சபைப் பிதாக்கள் இதை வாசித்தபோது இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: அடிபட்டுக் கிடந்தவன் யார்? அது நாம்தான் என்பது அவர்கள் கண்ட விடை.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தை (25 முதல் 37 வரை) விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

வழி: அம்மனிதன் ஜெருசலேமிலிருந்து ஜெரிக்கோவுக்கு இறங்கிப் போனான். அது மெய்யாகவே இறக்கமான வழி. ஜெருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர் உயரத்திலும், ஜெரிக்கோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர் பள்ளத்திலும் இருக்கின்றன. நடுவில் பாறையும் வனாந்தரமும். பிதாக்கள் இந்த இறக்கத்தில் ஆதாமின் வீழ்ச்சியைக் கண்டார்கள். ஜெருசலேம் சிங்காரவனம், ஜெரிக்கோ இவ்வுலகம்.

கள்ளர்: இவர்கள் பசாசுகள். அவர்கள் உரிந்துகொண்ட வஸ்திரம், பாவத்தால் மனிதன் இழந்துபோன தேவ இஷ்டப்பிரசாதம்.

குருவும் லேவியனும்: பழைய ஏற்பாட்டின் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும். அவை காயத்தை எடுத்துக்காட்டின. ஆற்றுவதற்கோ இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

சமாரித்தன்: நம் ஆண்டவராகிய சேசுநாதர். ஒருமுறை அவருடைய விரோதிகள் அவரைச் சமாரித்தன் என்றும் பசாசு பிடித்தவன் என்றும் ஏசினார்கள் (அரு. 8:48-49). பசாசு பிடித்தவன் என்பதை அவர் மறுத்தார். சமாரித்தன் என்பதை மறுக்கவில்லை. இதைக் கவனித்த அர்ச். அகுஸ்தீன், சமாரித்தன் என்ற பெயருக்குக் காவலன் என்று பொருள் என்கிறார்.

எண்ணெயும் திராட்சரசமும்: எண்ணெய் நம்பிக்கை தரும் ஆறுதல், திராட்சரசம் ஞான உற்சாகத்தைத் தூண்டும் புத்திமதி. காயப்பட்டவனைச் சுமந்த மிருகம், நமக்காக அவர் எடுத்த மனித சரீரம்.

சத்திரம்: திருச்சபை. சத்திரக்காரன் அப்போஸ்தலன் என்கிறார் அர்ச். அகுஸ்தீன். இரண்டு வெள்ளிப்பணம் தேவசிநேகம், பிறர்சிநேகம் என்ற இரு கற்பனைகள். திரும்பி வருவேன் என்ற வாக்கு, ஆண்டவருடைய இரண்டாம் வருகை.

இது ஒருவர் இருவருடைய கற்பனையல்ல. 3-ம் நூற்றாண்டில் ஒரிஜென் இந்த விளக்கத்தைத் தமக்கு முந்தின ஒரு மூப்பர் சொன்னதாகவே எழுதிவைத்தார். பிரான்சு தேசத்து ஷார்த்ர் மேற்றிராசனக் கோவிலில் 13-ம் நூற்றாண்டின் வர்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. அதன் அடியில் செருப்புத் தைக்கும் தொழிலாளிகள். அவர்களுக்கு மேல் சமாரித்தன் உவமை. அதற்கும் மேல் ஆதாம் ஏவாள் சரித்திரம். எழுத்தறியாதவர்களும் இரண்டு சரித்திரங்களும் ஒன்றென்று அண்ணாந்து பார்த்து அறிந்தார்கள்.

இப்படி ஞான அர்த்தம் தேடுவதால் உவமையின் நேரான பொருள் மறைந்துபோகாதா என்று சிலர் கேட்கலாம். மறையக்கூடாது. ஞான அர்த்தங்கள் எழுத்தின் நேர்ப்பொருள்மேல் நிற்கவேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்தார். சின்ன விவரங்களில் பிதாக்களே ஒத்துப்போகவில்லை. ஒரிஜென் அந்த இரண்டு பணத்தைப் பிதாவையும் சுதனையும் அறியும் அறிவு என்றார். ஆகையால் இவை விசுவாச சத்தியங்களல்ல, தியானத்துக்கு உதவிகள். நீயும் போய் அப்படியே செய் என்று ஆண்டவர் முடித்த கட்டளையோ தியானம் மாத்திரமல்ல. அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். காயப்பட்டவன் எழுந்து நடந்தான் என்று உவமை சொல்லவில்லை. கட்டுப்போட்ட காயங்களோடு சத்திரத்தில் விடப்பட்டான், அவ்வளவே. அப்படியானால் நம் பங்குக் கோவில் சுகமானவர்கள் கூடும் மண்டபமல்ல, சுகமாகி வருகிறவர்கள் தங்கும் சத்திரம். பல வருஷம் பூசைக்கு வராத ஒருவர், ஒருநாள் பாவசங்கீர்த்தனம் செய்து கடைசி வரிசையில் வந்து முழங்காலிடுகிறார். நாம் திரும்பிப் பார்க்கிறோம்; பக்கத்திலிருப்பவர் காதில் ஏதோ சொல்கிறோம். அந்த முணுமுணுப்பு அவர் காதிலும் விழுகிறது. அடுத்த ஞாயிறு அவர் வராமற்போனால், சமாரித்தன் தூக்கிவந்தவனைச் சத்திரத்தார் வாசலுக்கு வெளியே தள்ளினதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நம்மில் கட்டில்லாதவன் யார்? நம்மையும் ஒருவர் சுமந்துதான் கொண்டுவந்தார். நமக்கான செலவையும் அவரே கொடுத்தார்.

இந்த வாரத் தீர்மானம்: இரவு ஜெபத்துக்குப்பின் குடும்பமாய் இந்த உவமையை வாசியுங்கள். முதலில், "ஆண்டவரே, என்னைத் தூக்கிவந்தவர் நீரே" என்று நன்றி சொல்லுங்கள். பின்பு, உங்கள் தெருவில் கோவிலைவிட்டு விலகியிருக்கும் ஒருவரை நினைத்து, அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். புத்தி சொல்லவேண்டாம், நலம் விசாரித்தால் போதும். அதிகமாய்ச் செலவானதை ஆண்டவர் திரும்பி வரும்போது தருவார்.