நீரிழிவும் மக்னீசியமும்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மக்னீசிய நாடா கண்ணைப் பறிக்கும் வெண்சுடருடன் எரிவதைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். அதே தனிமத்தின் பெயரை என் பெரியப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் கண்டபோது நான் அஞ்சினேன். இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய் உடைய அவர், மலச்சிக்கலுக்குக் கடையில் பேதி உப்பு வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். அவ்வுப்பு மக்னீசியம் சல்பேட் என்று பாடத்தில் படித்திருந்தும் நான் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. அதன் பின்னரே இப்பொருள் பற்றிப் படிக்கலானேன்.

உடலில் மக்னீசியம்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், எஞ்சியதில் பெரும்பகுதி தசை முதலியவற்றிலும் இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் செயற்பட இது துணைபுரிகிறது. இன்சுலின் தன் பணியைச் செவ்வனே செய்யவும் இது தேவை.

நாள்தோறும் சுமார் 2.4 கிராம் மக்னீசியம் சிறுநீரகங்களில் வடிகட்டப்படுகிறது. அங்குள்ள நுண்குழல்கள் அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் மீட்டு இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன.

குறைவதால் வரும் கேடு

நீரிழிவில் சர்க்கரை மிகும்போது அது நீரை இழுத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. உடன் மக்னீசியமும் போகிறது. மக்னீசியம் குறையவே இன்சுலினின் ஆற்றல் மேலும் மங்குகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது. சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளும், நெடுநாள் உண்ணும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளும் இக்குறைவை மிகுவிக்கும். மக்னீசியம் குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறுநீரகம் விரைவாகப் பழுதுபடுவதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. எனினும் அக்குறைவுதான் காரணம் என்று உறுதியாகவில்லை.

மிகுவதால் வரும் கேடு

சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. வெளியேற வழியின்றி மக்னீசியம் இரத்தத்தில் தேங்குகிறது. தூக்கக்கலக்கம், தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை தோன்றும். முற்றினால் மூச்சும் இதயத் துடிப்பும் தடைப்படும். எனவே பேதி உப்பும், நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் மக்னீசியம் கலந்த மருந்துகளும் இவர்களுக்கு நஞ்சாகலாம். என் பெரியப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. நல்வேளையாக மருத்துவர் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து உப்பை நிறுத்தச் செய்தார்.

நாம் செய்யத்தக்கவை

சிறுநீரகம் நலமாக உள்ளவர்க்குக் கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு, நிலக்கடலை முதலியன போதிய மக்னீசியம் தரும். சிறுநீரகம் பழுதுற்றவர் உணவைக்கூட மருத்துவரைக் கேட்டே அமைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு நோயாளிகள் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதித்தல் நலம்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்கள் உண்ணும் கைமருந்துகளையும் ஒருமுறை கேட்டறிவோம். படித்த நாம் சொல்லாவிடில், அவர்களுக்கு வேறு யார் சொல்வார்?