தம்பியின் குழாயும் மார்சேய்க்காரரும்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு இரவு

அன்பு யாழினி,

மத்தியானம் கிள்ளானில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாயே, "பிரான்ஸில ஒருத்தருக்கு மூளையே இல்லையாம், ஆனா வேலைக்குப் போனாராம், குடும்பம் நடத்தினாராம். அப்படின்னா நம்ம தம்பி தலையில எதுக்கு அத்தை அந்தக் குழாய்?" என்று. பரிமாறிக்கொண்டிருந்த உன் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. உட்கார்ந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. கொமுட்டரில் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மனிதர் உண்மை. மார்சேய் நகர மருத்துவர்கள் 2007இல் 'லான்செட்' இதழில் அவரைப் பற்றி எழுதினார்கள். வயது 44, அரசாங்க உத்தியோகம், மனைவி, இரண்டு பிள்ளைகள். இடது காலில் இரண்டு வாரமாக லேசாக வலுவில்லை என்று வந்தவரை ஸ்கேன் எடுத்தால், மண்டைக்குள் பெரும்பகுதி நீர். மூளை, மண்டையோட்டின் உட்சுவரை ஒட்டி மெல்லிய ஏடு போலத் தெரிந்தது. இல்லாமல் போகவில்லை, யாழினி, நசுங்கி ஒதுங்கியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்த நீர் எல்லோர் தலையிலும் இருப்பதுதான். மூளையின் நடுவே நான்கு அறைகள். அங்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் நம்மிடம் இருப்பது 150 மில்லி அளவுதான். மீதி ரத்தத்தில் கலந்து வடிந்துகொண்டே இருக்கும். வடிகிற வழி அடைபட்டால் அறைகள் வீங்கி, மூளையை உள்ளிருந்து வெளியே நெருக்கும். தம்பிக்கு நடந்தது இதுதான். அதனால்தான் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடி வயிற்றில் முடியும் 'ஷண்ட்' என்ற அந்தக் குழாய். அதன் வால்வு நீரை ஒரு பக்கமாக மட்டுமே போகவிடும். 1950களில் ஜான் ஹோல்டர் என்ற அமெரிக்கர், பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தன் கைக்குழந்தைக்காக அப்படி ஒரு வால்வைச் செய்தார். தகப்பனின் தவிப்பில் பிறந்த கருவி. தம்பியின் காதோரம் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

மார்சேய்க்காரர் கதையில் நீ கேள்விப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. அவருக்கும் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குழாய் வைத்தார்கள்! 14 வயதில் நடை தள்ளாடி, இடது கால் வலுவிழந்தது. குழாயைச் சரிசெய்ததும் தேறிவிட்டார். 44இல் மறுபடியும் நீரை வடியவிட்ட சில வாரங்களில் கால் பழைய நிலைக்கு வந்தது. குழாய் இல்லாமலேயே வாழ்ந்தார் என்று அவரைக் காட்டிச் சொல்வது அநியாயம். அறிவுத்திறன் சோதனையில் அவருக்கு 75 மதிப்பெண், சராசரியான நூறுக்குக் கீழே. பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேலை பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார்.

எப்படி முடிந்தது? நான் நம்பும் பதில், அவகாசம். முப்பது வருஷம் பிசியோதெரபி வேலையில் பக்கவாதம் வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். மூளையில் சின்ன இடம்தான் செத்திருக்கும், ஆனால் ஒரே நிமிடத்தில். நேற்றுவரை பேசியவர் இன்று பெண்டாட்டி பெயரைச் சொல்ல முடியாமல் அழுவார். மெதுவாக வளரும் கட்டியோ, அதைவிடப் பெரிய இடத்தை நெருக்கிக்கொண்டு வெளியே தெரியாமலே இருக்கும். மெல்ல மெல்ல நெருக்கினால் நரம்புகள் தங்கள் இணைப்புகளை மாற்றிக்கொள்கின்றன. அதுவும் குழந்தை மூளை என்றால், எந்த இடத்துக்கு எந்த வேலை என்பதே இன்னும் முழுதாகத் தீர்மானமாகாத வயது.

இதை உனக்கு இங்கேயே காட்ட முடியும். எங்கள் நடைபாதைகளில் பதித்திருக்கும் மஞ்சள் மேட்டுக்கோடுகளை மிதித்து மிதித்து விளையாடுவாயே, சின்ன வயதில்? அவை பார்வையற்றவர்கள் காலால் வழி கண்டுபிடிக்க. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களும் நிறைய. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர் பிரெய்லி எழுத்தை விரலால் தடவிப் படிக்கும்போது, பின்தலையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்வதை 1996இலேயே ஆராய்ச்சியாளர்கள் ஸ்கேனில் கண்டார்கள். கண்ணிலிருந்து சேதி வராத அந்த இடம் விரலுக்கு வேலை செய்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஸ்பானியப் பெண் ஒருவருக்குப் பின்தலையின் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. விரலில் உணர்ச்சி அப்படியே இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன. பிரெய்லியை மட்டும் அவரால் படிக்க முடியவில்லை. பார்க்கவே பார்க்காத ஒருவருக்குப் பார்வைப் பகுதி அடிபட்டதால் படிப்பு போயிற்று! இந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தம்பி எப்படிப் படிப்பான் என்று உன் அம்மா என்னிடம் கேட்டாள். ஷெஃபீல்டில் ஜான் லோர்பர் என்ற குழந்தை மருத்துவர் பார்த்த மாணவர் ஒருவருக்கும் இதே போலத் தலை நிறைய நீர். அவர் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர், அறிவுத்திறன் சோதனையில் 126. ஆனால் வேறு பல பிள்ளைகளுக்குப் படிப்பும் நடையும் சிரமமாகின்றன. ஸ்கேன் படத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை எப்படி வருவான் என்று நான் சொன்னால் அது பொய். நீர் அளவோடு வடியும்வரை அவன் மூளைக்கு வளர இடமும் அவகாசமும் கிடைக்கும். அதைத்தான் உறுதியாகச் சொல்வேன்.

பள்ளி விட்டு வந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்வது நீதானே. குழாய் அடைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், காரணம் தெரியாத அழுகை, உட்கார வைத்தாலும் உச்சிக்குழி புடைத்திருப்பது, கருவிழி கீழே இறங்கிப் பார்ப்பது, காய்ச்சல், குழாய் ஓடும் இடத்தில் சிவப்பு. இவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அப்பாவை எழுப்பு, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எனக்கு அப்புறம் போன் செய்தால் போதும்.

கிளினிக் புத்தகத்தில் மாதாமாதம் தலைச் சுற்றளவு எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. சனிக்கிழமை வரும்போது அளவு டேப்பும் கொண்டு வருகிறேன், எப்படி அளப்பது என்று காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை